உறுதி கூறாத வினைச்சொல்

காவலில் வைக்கப்பட்ட ஒருவரை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடப்படும் மனுவை ஆட்கொணர்வு மனு என்கிறோம். வழக்கறிஞர்களின் பேச்சில் அது இன்றும் ஹேபியஸ் கார்ப்பஸ்தான். கார்ப்பஸ் என்றால் உடல். முதல் சொல்லில்தான் இலக்கண நுட்பம் இருக்கிறது. லத்தீனில் 'ஹபேஸ்' என்றால் 'நீ வைத்திருக்கிறாய்'. 'ஹபெயாஸ்' என்றால் 'நீ வைத்திருப்பாயாக'. இரண்டுக்கும் இடையே நுழைந்திருப்பது ஓர் ஆகாரம் மட்டுமே. அது நுழைந்ததும் நடப்பைச் சொன்ன வாக்கியம், நடக்க வேண்டியதைச் சொல்லும் வாக்கியமாகிவிடுகிறது. இடைக்கால இங்கிலாந்தில் அரசன் பெயரால் சிறைக் காவலருக்குப் போன ஓலையின் சாரம் இது: இன்னாருடைய உடலை எம் முன்னிலையில் நீ கொண்டுவந்து வைக்க வேண்டுமென ஆணையிடுகிறோம்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 32, 226 ஆகிய உறுப்புகள் குறிப்பிடும் ஐந்து பேராணைகளில் மாண்டமஸ் என்பது இன்னொன்று. அதுவும் லத்தீன் வினைச்சொல்தான். 'நாம் ஆணையிடுகிறோம்' என்று பொருள். இதில் அந்த ஆகார வேலை எதுவும் இல்லை. ஆணையிடுவது அப்போதே நடக்கும் செயல். அரசன் அதை அடித்துச் சொல்கிறான். காவலர் உடலைக் கொண்டுவருவாரா என்பது அவனுக்குத் தெரியாது. அதற்கு அவன் உறுதி சொல்லவும் முடியாது. அதனால்தான் ஆணையிடுவதற்கு ஒரு வினைவடிவம், ஆணையிடப்பட்டதற்கு வேறொரு வினைவடிவம்.

உரிமையியல் வழக்குகளில், என்னைக் கேட்காமல் உத்தரவு போட்டுவிடாதீர்கள் என்று முன்கூட்டியே போடும் கேவியட் மனுவும் இதே வகைதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 148ஏ பிரிவாக 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்ந்தது அது. கேவியட் என்ற லத்தீன் வினைக்கு 'அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்று பொருள். லத்தீன் படிக்காமலேயே நம் நீதிமன்றங்கள் நாள்தோறும் சப்ஜங்டிவ் எனப்படும் இந்த உறுதி கூறாத வினைகளைக் கையாண்டுகொண்டிருக்கின்றன.

பாங்கு என்றால் என்ன?

ஒரு வினைச்சொல் செயலை மட்டும் சொல்வதில்லை. எப்போது நடந்தது என்பதைக் காலம் காட்டும் உறுப்பு சொல்கிறது. யார் செய்தார் என்பதை விகுதி சொல்கிறது. இவற்றுக்கு மேலே மூன்றாவதாக ஒன்று உண்டு: சொல்பவர் அந்தச் செயலை எப்படி முன்வைக்கிறார் என்பது. நடந்ததாக உரைக்கிறாரா, செய்யும்படி ஏவுகிறாரா, நடக்கட்டும் என்று விரும்புகிறாரா, நடந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறாரா? இந்த மூன்றாவது அடுக்கைத்தான் ஐரோப்பிய இலக்கணங்கள் மூட் என்று அழைக்கின்றன. மனநிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இதற்கு உறவில்லை. முறை அல்லது பாங்கு எனப் பொருள்படும் மோதுஸ் என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. நாம் வினைப்பாங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

லத்தீனில் முக்கியமான பாங்குகள் மூன்று. செய்தியை உரைப்பது இண்டிகேட்டிவ். எதிரில் இருப்பவரை ஏவுவது இம்பெரேட்டிவ். மூன்றாவது சப்ஜங்டிவ். கீழடங்கியது, ஒன்றோடு சேர்த்துக் கட்டப்பட்டது என்ற பொருளில் கிரேக்க இலக்கணிகள் வைத்த பெயரை லத்தீன் இலக்கணிகள் அப்படியே தங்கள் மொழிக்கு மாற்றிக்கொண்டார்கள். பெரிய வாக்கியத்துக்குள் அடங்கிய சிறு வாக்கியங்களில் இந்த வடிவம் அடிக்கடி வருகிறது என்பதுதான் பெயருக்குக் காரணம். வருகின்ற இடத்தைச் சொல்லும் பெயர் இது. செய்கின்ற வேலையைச் சொல்லவில்லை. பல நூற்றாண்டுகளாக மாணவர்கள் இதில் தடுமாறுவதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வேலையை விளக்க ஜாமீன் கையெழுத்தைத் துணைக்கு அழைக்கலாம். 'அவன் வந்தான்' என்று சொல்லும்போது அந்தச் செய்திக்கு நான் ஜாமீன் நிற்கிறேன். அது பொய் என்று தெரிந்தால் என்னைப் பிடிக்கலாம். 'அவன் வந்திருந்தால்', 'அவன் வரட்டும்', 'அவன் வருவானோ' என்னும்போது வருகையைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆனால் ஜாமீன் நிற்கவில்லை. பேசுபொருளாக ஒன்றை மேசையில் வைக்கலாம், அதை உண்மையென்று உரைக்காமலும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரிக்க முடிந்ததால்தான் மனிதரால் திட்டமிடவும் வருந்தவும் வாதாடவும் முடிகிறது. லத்தீன் அந்தப் பிரிவை வினையின் ஈற்றிலேயே பொறித்து வைத்தது.

ஓர் உயிரெழுத்தின் இடமாற்றம்

பொறித்த விதத்தை அருகில் சென்று பார்க்கலாம். 'அமத்' என்றால் நேசிக்கிறான். 'அமெத்' என்றால் நேசிக்கட்டும், நேசிக்கலாம், நேசிக்கும்படியாக. அகரம் எகரமாகிறது. லத்தீன் வினைகளின் முதல் வகைக்கு இது விதி. மற்ற வகைகளுக்குத் தலைகீழ்: அங்கே சப்ஜங்டிவின் அடையாளமே அகரம்தான். 'வெனித்' என்றால் வருகிறான். 'வெனியத்' என்றால் வரட்டும். ஆகவே 'அத்' என்ற ஈற்றைக் கண்டதும் பாங்கைச் சொல்லிவிட முடியாது. அமத் என்பதில் அது செய்தி. ஆள்வதைக் குறிக்கும் வினையின் ரெகத் என்ற வடிவத்தில் அது செய்தியன்று, 'ஆளட்டும்'. வினை எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தவருக்கே ஈறு பேசும். லத்தீன் வகுப்பின் முதலாண்டுச் சிரமங்களில் பாதி இந்த ஒற்றை உயிரெழுத்தைச் சுற்றியே இருக்கும்.

இப்படி நிகழ்காலம், தொடர் இறந்தகாலம், முற்றுக்காலம், அதற்கும் முந்திய காலம் என நான்கு காலங்கள். ஒவ்வொன்றிலும் தன்மை, முன்னிலை, படர்க்கை ஒருமை பன்மையாக ஆறு வடிவங்கள். செய்வினையில் மட்டும் ஒரு வினைக்கு 24 சப்ஜங்டிவ் வடிவங்கள். எதிர்காலத்துக்கென்று தனி வடிவம் இல்லை. நடக்காததை எண்ணிப் பார்க்கும் பாங்குக்குள்ளேயே வருங்காலமும் அடங்கிவிடுகிறது.

தனி வாக்கியத்தில் வரும்போது இதன் பொருள் நமக்கு எளிதாகப் பிடிபடும். 'வீவத்' என்றால் வாழ்க. 'எயாமுஸ்' என்றால் போவோம், வாருங்கள். 'க்வித் ஃபகியம்' என்றால் நான் என்னதான் செய்வது? கல்லறைகளில் காணும் ஆர்.ஐ.பி. என்ற மூன்றெழுத்துகளின் லத்தீன் மூலமான 'ரெக்வியேஸ்கத் இன் பாகே' அமைதியில் இளைப்பாறட்டும் என்ற வேண்டுதல். தவறுதலாக அடித்துவிட்ட சொல்லை அப்படியே விட்டுவிடுமாறு ஆங்கில அச்சகங்களில் மெய்ப்புத் திருத்துவோர் ஓரத்தில் எழுதும் 'ஸ்டெட்' என்ற குறிப்பும் லத்தீன் சப்ஜங்டிவ்தான்: நிற்கட்டும்.

தமிழில் வாழ்க, வருக, ஒழிக என்று நாம் சொல்லும் வியங்கோள் வினைமுற்று இந்தப் பரப்பின் ஒரு பகுதியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. நான், நீ, அவர், அது எல்லாவற்றுக்கும் வாழ்க என்ற ஒரே வடிவம் போதும். திணையோ பாலோ இடமோ அதில் தெரியாது. லத்தீனிலோ யார் வாழ்க என்பதையும் ஈறு காட்டும். தமிழின் வியங்கோள் வாழ்த்து, சாபம், வேண்டுகோள், விதி ஆகியவற்றோடு நின்றுகொள்கிறது. லத்தீன் சப்ஜங்டிவ் அங்கிருந்து புறப்பட்டு வெகுதூரம் போகிறது.

அஞ்சுவதும் குற்றஞ்சாட்டுவதும்

லத்தீன் மாணவர்களை நீண்ட காலமாகக் குழப்பும் ஓர் இடம், அச்சத்தைச் சொல்லும் வாக்கியம். 'திமேயோ' என்றால் அஞ்சுகிறேன். 'உத்' என்பது உடன்பாட்டு இணைப்புச் சொல், 'நே' என்பது எதிர்மறை இணைப்புச் சொல். அப்படியானால் 'திமேயோ நே வெனியத்' என்பதற்கு அவர் வரமாட்டார் என்று அஞ்சுகிறேன் எனப் பொருள் வர வேண்டும் அல்லவா? நேர்மாறாக, அவர் வந்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன் என்பதே அதன் பொருள். 'திமேயோ உத் வெனியத்' என்றால் வராமல் போய்விடுவாரோ என்று அஞ்சுகிறேன்.

ஆங்கிலவழி லத்தீன் படிப்பவர்கள் இதை விதிவிலக்காக மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ் பேசுபவருக்கு அந்தத் தேவையே இல்லை. 'அவர் வந்துவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது' என்று நாம் சொல்கிறோம். 'அவர் நேரத்துக்கு வர வேண்டுமே என்று கவலையாக இருக்கிறது' என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் எதிர்மறை இருக்கிறது, அஞ்சுவதோ வருகையை. இரண்டாவதில் உடன்பாடு இருக்கிறது, கவலைப்படுவதோ வராமையை. லத்தீனிலும் நடந்தது இதுதான். அடங்கிய வாக்கியம் முதலில் தனித்து நின்ற ஒரு விருப்பம்: 'அவர் வராதிருக்கட்டும்! அஞ்சுகிறேன்.' இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே வாக்கியமாயின. விருப்பத்தின் பாங்கு மட்டும் வினையின் ஈற்றில் தங்கிவிட்டது.

அடுத்த எடுத்துக்காட்டு இதைவிட நுட்பமானது. எசமான் ஓர் அடிமையைத் தண்டித்தான், அவன் மது குடித்திருந்தான் என்பதற்காக. காரணத்தைச் சொல்லும் 'க்வொத்' என்ற இணைப்புச் சொல்லுக்குப் பின் 'பிபெரத்' என்ற செய்திப் பாங்கு வினையைப் போட்டால், அவன் குடித்தது உண்மை. எழுதுகிறவரே அதற்குச் சாட்சி. அதே இடத்தில் 'பிபிஸ்ஸெத்' என்ற சப்ஜங்டிவைப் போட்டால், குடித்திருந்தான் என்பது எசமான் சொன்ன காரணம். எழுதுகிறவர் அதற்குப் பொறுப்பில்லை. 'அவன் சொன்னபடி', 'குற்றச்சாட்டின்படி' என்ற சொற்கள் எதுவும் தேவைப்படவில்லை. சில எழுத்துகளின் மாற்றத்தில் ஒரு வரலாற்றாசிரியர் தன் கையெழுத்தைப் பின்வாங்கிக்கொள்ள முடிந்தது.

இந்தக் கருவி நம்மிடமும் இருக்கிறது. 'பணத்தை எடுத்தான்' என்பதற்கும் 'பணத்தை எடுத்தானாம்' என்பதற்கும் உள்ள தொலைவை ஐந்து வயதுப் பிள்ளையும் அறியும். அந்த 'ஆம்' ஈறு, கேள்விப்பட்டதைச் சொல்கிறேன், நான் பார்க்கவில்லை என்று அறிவிக்கிறது. இலக்கண அமைப்பில் தமிழின் ஆம் வேறு, லத்தீன் சப்ஜங்டிவ் வேறு. ஆனால் ஒரு செய்தியின் பொறுப்பை அதைச் சொன்னவரிடமே விட்டுவிட வேண்டும் என்ற தேவை இரண்டுக்கும் பொது. ஜெர்மன் மொழி இந்த வேலைக்கே ஒரு சப்ஜங்டிவை ஒதுக்கிவைத்திருக்கிறது. அவர் நோயுற்றிருக்கிறார் என்பதற்கு 'இஸ்ட்'. நோயுற்றிருப்பதாக அவர் சொல்கிறார் என்பதற்கு 'ஸை'. அமைச்சரின் பேச்சை வெளியிடும் ஜெர்மன் நாளிதழ், 'என்றார்' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லாமலே பத்தி முழுவதையும் அந்த வடிவத்தில் நடத்திவிடும்.

உண்மையையும் சொல்லுமா சப்ஜங்டிவ்?

சப்ஜங்டிவ் என்பது ஐயத்தையும் கற்பனையையும் காட்டும் பாங்கு என்று பல பாடநூல்கள் தொடங்குகின்றன. அந்த விளக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடும். 'அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியும்' என்ற வாக்கியத்தில் ஐயமே இல்லை. ஆனாலும் செவ்வியல் லத்தீன் 'செய்கிறான்' என்பதைச் சப்ஜங்டிவில்தான் வைக்கும். 'அவன் அவ்வளவு வலிமையானவன், ஆகவே வெல்கிறான்' என்ற விளைவு வாக்கியத்திலும் அப்படியே. பிரெஞ்சுக்காரர் 'நீ இங்கே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி' என்று எதிரில் நிற்பவரைப் பார்த்துச் சொல்லும்போதும் இருப்பதைக் குறிக்கும் வினை சப்ஜங்டிவில் வருகிறது. எதிரில் நிற்பவர் நிற்பதில் என்ன ஐயம்?

இங்கே உதவுவது உறுதி கூறுதல் என்ற கருத்து. 'நீ இங்கே இருக்கிறாய்' என்பதை அவர் புதிய செய்தியாக அறிவிக்கவில்லை. அறிவிப்பது தன் மகிழ்ச்சியை. என்ன செய்கிறான் என்ற வாக்கியத்தில் அறிவிக்கப்படுவது என் அறிவு. அவன் செயல் இன்னதென்று நான் சொல்லவே இல்லை. ஆகவே சப்ஜங்டிவுக்குள் பொய்யும் அடங்கலாம், மெய்யும் அடங்கலாம். அந்த வாக்கியம் முழுவதிலும் சொல்பவர் எதைத் தன் கூற்றாக முன்வைக்கிறாரோ, அது மட்டும் பெரும்பாலும் செய்திப் பாங்கில் இருக்கும். எல்லா இடத்துக்கும் இந்த விளக்கமும் பொருந்திவிடாது. விளைவு வாக்கியம் போன்ற இடங்களில் சப்ஜங்டிவ் பொருளைத் தாண்டி வெறும் வழக்காகவே இறுகிவிட்டது. உயிருள்ள மொழியின் எந்த விதியும் நேர்கோட்டில் வளர்வதில்லை.

ஸ்யாத்வாதத்தின் உறவுக்காரர்

இந்த வடிவங்களுக்கு நீண்ட முன்கதை உண்டு. லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் ஆகியவற்றின் மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் சப்ஜங்டிவ் வேறு, விருப்பத்தைச் சொல்லும் ஆப்டேட்டிவ் வேறு. கிரேக்கம் இரண்டையும் காப்பாற்றியது. வேத மொழியிலும் இரண்டும் இருந்தன; பாணினி வேதத்துக்கு மட்டும் உரியதாகச் சொல்லும் லேட் என்ற வடிவம்தான் அந்தப் பழைய சப்ஜங்டிவ். பிற்காலச் சமஸ்கிருதத்தில் அது வழக்கொழிந்தது, ஆப்டேட்டிவ் நிலைத்தது. லத்தீனில் வேறு விதமான குடும்ப மாற்றம் நடந்தது. 'இருப்பேன்' என்று பொருள்படும் லத்தீன் எதிர்கால வினையான 'எரோ', பிறப்பால் பழைய சப்ஜங்டிவ். 'இருக்கட்டும்' என்று பொருள்படும் லத்தீன் சப்ஜங்டிவான 'ஸித்', பிறப்பால் பழைய ஆப்டேட்டிவ்.

ஸித் என்பதன் முந்தைய லத்தீன் வடிவம் 'ஸியெத்'. சமஸ்கிருதத்தில் அதன் உடன்பிறப்பு 'ஸ்யாத்': இருக்கலாம். சமணத் தத்துவத்தின் ஸ்யாத்வாதம் இந்தச் சொல்லின் மீது நிற்கிறது. எந்தப் பொருளைப் பற்றிய கூற்றும் ஒரு நோக்கில் மட்டுமே சரி, ஆகவே ஒவ்வொரு கூற்றுக்கும் முன் 'ஸ்யாத்' என்ற வரம்பு தேவை என்றார்கள் சமண அறிஞர்கள். முற்றுறுதி தர மறுக்கும் தத்துவத்துக்கு உறுதி கூறாத வினைவடிவமே பெயராக அமைந்தது பொருத்தம்தான்.

லத்தீனின் பிள்ளைகளிலும் கலைப்பு தொடர்ந்தது. லத்தீனில் முந்திய இறந்தகாலத்துக்கு உரியதாக இருந்த சப்ஜங்டிவ், பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் ஒரு படி இறங்கிச் சாதாரண இறந்தகாலச் சப்ஜங்டிவ் ஆனது. ஸ்பானியத்தில் அதோடு போட்டியிடும் 'அமாரா' என்ற இன்னொரு வடிவம், லத்தீனில் செய்திப் பாங்காக இருந்த ஒன்றிலிருந்து பிறந்தது. உடைகள் மாறின, ஒவ்வொரு தலைமுறையும் கையில் கிடைத்த வடிவத்தை அந்த வேலைக்கு அமர்த்திக்கொண்டது.

ஆங்கிலத்தில் எஞ்சியவை

பழைய ஆங்கிலம் பேசியவர்களிடமும் சப்ஜங்டிவுக்குத் தனி ஈறுகள் இருந்தன. ஒருமைக்கு எகரம், பன்மைக்கு என். சொல்லின் முதல் அசையில் அழுத்தம் விழுந்த அந்த மொழியில் கடைசி அசைகள் தேய்ந்துகொண்டே வந்தன. முதலில் னகரம் போனது, பிறகு எகரமும் ஓசையிழந்தது. ஈறு போனதும் செய்திக்கும் சப்ஜங்டிவுக்கும் வேறுபாடு தெரியாமல் போயிற்று. ஷுட், மே, மைட், வுட் போன்ற துணைவினைகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

மூன்று தடயங்கள் மட்டும் தப்பின. படர்க்கை ஒருமையில் செய்தி வினை 's' ஒலியோடு வருகிறது. சப்ஜங்டிவ் அது இல்லாமல் வெறும் வினையாக நிற்கிறது. கடவுள் அரசனைக் காக்கட்டும் என்ற வாழ்த்தில் 'காட் சேவ்ஸ்' என்று வராமல் 'காட் சேவ்' என்று வருவது அதனால்தான். இரண்டாவது தடயம் 'பி'. நாடாளுமன்றம் இயற்றும் ஒவ்வொரு சட்டத்தின் ஆங்கில வாசகத்திலும் முதல் அறிவிப்பு 'பி இட் எனாக்டெட்' என்று தொடங்குகிறது: இயற்றப்படுக. மசோதாவை வாக்கெடுப்புக்கு விடும்போது அவைத்தலைவர் சொல்லும் 'தட் த பில் பி பாஸ்டு' என்பதிலும் அதே பி. மசோதா இன்னும் நிறைவேறவில்லை. ஆகவே 'இஸ்' வர முடியாது.

வற்புறுத்தும் வினைகளோடு இது எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். 'ஷி இன்சிஸ்டட் தட் ஹி வாஸ் பிரசெண்ட்' என்றால் அவன் அங்கே இருந்தான் என்று அடித்துச் சொன்னாள். 'ஷி இன்சிஸ்டட் தட் ஹி பி பிரசெண்ட்' என்றால் அவன் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினாள். முன்னது சாட்சியம், பின்னது கோரிக்கை. தமிழில் இரண்டு வெவ்வேறு வினைகள் செய்யும் வேலையை, ஆங்கிலம் வாஸ், பி என்ற ஓரசைச் சொற்களின் மேல் ஏற்றிவிடுகிறது.

ஆங்கில வழக்குகளைத் தொகுத்த ஹென்றி ஃபௌலர் 1926இல் வெளியிட்ட அகராதியில், ஒரு சில இடங்கள் நீங்கலாக சப்ஜங்டிவ் சாகும் நிலையில் இருப்பதாகவே எழுதினார். பிரிட்டனைப் பொறுத்தவரை அது அன்று நியாயமான கணிப்பு. ஆனால் அமெரிக்காவில் அதே நூற்றாண்டில் இந்த வற்புறுத்தல் சப்ஜங்டிவ் புத்துயிர் பெற்றது. 1961இல் அச்சான நூல்கள், இதழ்களிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்கு பிரவுன் தொகுப்பு, பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு எல்.ஓ.பி. தொகுப்பு எனத் தலா 10 லட்சம் சொற்களைக் கொண்ட இரு தரவுத்தொகுப்புகள் உருவாக்கப்பட்டன. அவற்றை ஒப்பிட்டவர்கள் கண்டது: அவன் போக வேண்டுமென்று பரிந்துரைக்கிறேன் என்பதை அமெரிக்கர் 'ஹி கோ' என்றே பெரும்பாலும் எழுதினர், பிரிட்டிஷார் 'ஹி ஷுட் கோ' என்பதை நாடினர். பின்வந்த பத்தாண்டுகளில் பிரிட்டனிலும் அந்த வெற்று வினை கூடியது. ஈறு இல்லாத நிலையிலும் ஒரு பாங்கு மீண்டு வர முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது தடயம் நாம் பள்ளியிலேயே சந்தித்த 'இஃப் ஐ வேர் யூ'. பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலச் செய்திக்கு ஒரு வடிவமும் இறந்தகாலச் சப்ஜங்டிவுக்கு இன்னொரு வடிவமும் இருந்தன. முன்னதன் வாரிசு வாஸ், பின்னதன் வாரிசு இந்த வேர். மற்ற வினைகளில் இரண்டும் கலந்துவிட்டன. 2002இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் இந்த வேர் வடிவத்தை சப்ஜங்டிவ் என்றுகூட அழைப்பதில்லை. நடப்பல்லாதது என்ற பொருளில் இர்ரியாலிஸ் என்கிறது. சப்ஜங்டிவ் என்ற பெயரை 'ஹி பி', 'ஹி கோ' போன்ற வாக்கிய அமைப்புக்கு ஒதுக்கிவிட்டது.

இறந்தகாலம் ஏன் இங்கே வருகிறது?

'இப்போது என்னிடம் பணம் இருந்தால்' என்பதை ஆங்கிலம் 'இஃப் ஐ ஹாட் மனி நவ்' என்கிறது. நவ் என்றால் இப்போது. ஹாட் என்பதோ இறந்தகாலம். முரண்பாடு போலத் தோன்றும். நம் வாக்கியத்தையே திரும்பப் பாருங்கள். இருந்தால், வந்தால், போனால், படித்தால்: ஆல் விகுதிக்கு முன்னால் நிற்பது இரு, வா, போ, படி என்ற பகுதி மட்டுமன்று, இருந்தான், வந்தான், போனான், படித்தான் என்பவற்றில் உள்ள அதே இறந்தகால உருவம். 'நாளைக்கு வந்தால்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நாளையையும் இறந்தகாலத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறோம். யாருக்கும் அது உறுத்துவதில்லை. காலம் காட்டாத வரின், செயின் ஆகியவை இன்று எழுத்து நடையோடு நின்றுவிட்டன.

உறவில்லாத பல மொழிகளில் இந்த வழக்கம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. எம்.ஐ.டி.யின் மொழியியலாளர் சபீன் இயாத்ரிது 2000இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இறந்தகால உருவத்தின் அடிப்படைப் பொருள் 'இங்கிருந்து விலகியது' என்பதே. பேசும் நேரத்திலிருந்து விலகினால் அது கடந்த காலம். பேசுபவர் வாழும் நடப்புலகிலிருந்து விலகினால் அது நடக்காத நிலைமை. ஒரே உருவம் இரண்டு வகை விலகலுக்கும் பயன்படுகிறது.

நடந்து முடிந்துவிட்ட ஒன்றை மாற்றி எண்ணும்போது லத்தீன், ஆங்கிலம், தமிழ் மூன்றும் இன்னொரு படி பின்வாங்குகின்றன. லத்தீனில் 'ஸீ வெனியத்' என்றால் ஒருவேளை வந்தால், வரவும் கூடும். 'ஸீ வெனீரெத்' என்றால் இப்போது வருவதாயிருந்தால்; வரவில்லை. 'ஸீ வேனிஸ்ஸெத்' என்றால் அன்று வந்திருந்தால். வரவில்லை, இனி மாற்றவும் முடியாது. ஆங்கிலம் கடைசிப் படிக்கு 'ஹாட் கம்' என்று இரட்டை இறந்தகாலம் போடுகிறது. தமிழ் 'வந்து' என்பதோடு 'இருந்தால்' என்பதையும் சேர்க்கிறது. முதல் இரண்டு படிகளைத் தமிழ் பெரும்பாலும் வந்தால் என்ற ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு, வேறுபாட்டைச் சூழலிடமும் முற்றுவினையிடமும் விட்டுவிடுகிறது.

டாலஸ் நகரில் ஒரு தத்துவச் சிக்கல்

இந்த வேறுபாடு அறிவுக்கு எவ்வளவு தேவை என்பதைத் தத்துவ அறிஞர் எர்னஸ்ட் ஆடம்ஸ் 1970இல் ஒரு புகழ்பெற்ற இணையால் காட்டினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் சுடப்பட்டார்; சுட்டவர் ஆஸ்வால்ட் என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. இப்போது இரண்டு வாக்கியங்கள். ஒன்று: ஆஸ்வால்ட் கென்னடியைக் கொல்லவில்லை என்றால் வேறு யாரோ கொன்றிருக்கிறார்கள். இன்னொன்று: ஆஸ்வால்ட் கென்னடியைக் கொல்லாமல் இருந்திருந்தால் வேறு யாராவது கொன்றிருப்பார்கள்.

முதல் வாக்கியத்தை எவரும் ஏற்பார்கள். கென்னடி கொல்லப்பட்டது உறுதி. இவர் இல்லையென்றால் அவர். இரண்டாவதை ஏற்க வேண்டுமானால், பின்னால் இன்னொரு கொலையாளி காத்திருந்தார் என்று நம்ப வேண்டும். கொலை செய்தவர், செய்யப்பட்டவர், நகரம் எல்லாம் ஒன்றே. வேறுபடுவது வினைப்பாங்கு மட்டும். முதலாவது, நம் அறிவில் உள்ள ஓட்டையைப் பற்றிய வாக்கியம். இரண்டாவது, உலகம் வேறு பாதையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றியது. இந்த மருந்தைக் கொடுத்திருந்தால் நோயாளி பிழைத்திருப்பாரா, அணையின் மதகை முன்பே திறந்திருந்தால் வெள்ளம் வந்திருக்குமா என்று காரணம் தேடும் எல்லாக் கேள்விகளும் இரண்டாம் வகை. இதற்கெனவே டேவிட் லூயிஸ் 1973இல் ஒரு முழு நூல் எழுதினார். நடப்புலகுக்கு மிக நெருங்கிய மாற்று உலகங்களில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே இவ்வகை வாக்கியத்தின் பொருள் என்றார்.

சப்ஜங்டிவ் இல்லாதவர் சிந்திக்க முடியாதா?

அப்படியானால் தனி வினைவடிவம் இல்லாத மொழியினருக்கு இந்தச் சிந்தனை கடினமாக இருக்குமா? உளவியலாளர் ஆல்ஃபிரட் புளூம் 1981இல் வெளியிட்ட நூலில் ஆம் என்று வாதிட்டார். ஹாங்காங்கில் அவர் சீன மொழியில் 'அரசு இப்படியொரு சட்டம் போட்டிருந்தால் என்ன செய்வீர்கள்?' என்பது போலக் கேட்டபோது, 'அரசு அப்படிப் போடவில்லையே' என்ற விடைகள் வந்தன. சீன வினைகளுக்குக் காலமோ பாங்கோ காட்டும் ஈறுகள் கிடையாது. ஆகவே நடக்காததை எண்ணும் பழக்கமே அவர்களிடம் குறைவு என்று அவர் முடிவுகட்டினார்.

அந்த ஊரிலேயே வளர்ந்த டெர்ரி கிட்-ஃபாங் அவ் 1983இல் இதை மறுபடி சோதித்தார். புளூமின் கதைகள் இயல்பான சீனத்தில் இல்லை, ஆங்கிலத்தை ஒட்டித் தைக்கப்பட்டவை என்பதை அவர் கண்டார். சீனர் உண்மையில் பேசும் நடையில் கதைகளைத் திருத்தி எழுதிக் கொடுத்ததும், படித்தவர்கள் நடக்காததை நடக்காததாகவே தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். இல்லாமல் போனது சிந்தனைத் திறன் அன்று, நல்ல மொழிபெயர்ப்பு. வினை ஈறு செய்ய வேண்டியதைச் சீனத்தில் இடைச்சொற்களும் சூழலும் செய்துவிடுகின்றன.

டப்ளின் உளவியலாளர் ரூத் பைர்ன் 2005இல் எழுதிய நூலில், மனம் இதை எப்படிச் செய்கிறது என்று ஆராய்கிறார். 'அவன் வந்திருந்தால்' என்று கேட்டவுடன் நாம் இரண்டு படங்களை ஒருசேர வைத்துக்கொள்கிறோம்: அவன் வந்த உலகம் ஒன்று, வராத உண்மை ஒன்று. சாதாரணமான 'அவன் வந்தால்' என்பதற்கு ஒரு படமே போதும். சப்ஜங்டிவ் என்பது கேட்பவரிடம், இரண்டாவது படத்தையும் எடுத்து வையுங்கள் என்று விடுக்கும் வேண்டுகோள்.

இதிலிருந்து எனக்குத் தெளிவாகும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சப்ஜங்டிவை லத்தீன் ஈறுகளின் பட்டியலாகவோ ஆங்கிலத்தின் விதிவிலக்குகளாகவோ கற்பிக்கக் கூடாது. ஈறுகள் தேயும், இடம் மாறும், சில நேரம் மீண்டும் வரும். தேயாமல் நிற்பது, பேசுவதற்கும் பொறுப்பேற்பதற்கும் நடுவே ஒரு கோடு கிழிக்கும் தேவை. குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என்று எழுதிவிடாத நிருபருக்கும், கருதுகோளை முடிவாக அறிவித்துவிடாத ஆய்வாளருக்கும், கட்சிக்காரரின் கூற்றைத் தன் சாட்சியமாக்கிவிடாத வழக்கறிஞருக்கும் அந்தக் கோடு தொழில் ஒழுக்கம். நம் வகுப்பறைகளில் 'இஃப் ஐ வேர் யூ' என்பதை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், 'வந்தான், வந்தானாம், வரட்டும், வந்திருந்தால்' என்ற நான்கையும் கரும்பலகையில் எழுதி, இவற்றில் எதற்கு நீ ஜாமீன் நிற்பாய் என்று மாணவரைக் கேட்கலாம். அதற்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, எந்த மொழியின் சப்ஜங்டிவும் அச்சமூட்டாது.